ஒயரையும் உரசிப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஸ்பீக்கர் ஒயரைப் பற்றியவை. அவற்றிலும் பாதிப் பேர் ஸ்பீக்கர் எத்தனை ஓம் (அதன் மின்தடை அளவு), ஆம்ப்பிலிருந்து, அதாவது ஆம்ப்ளிஃபயரிலிருந்து, எத்தனை அடி என்று எழுதவே இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

கே: எங்கள் வீட்டில் பெரிய ஹால். எந்த ஒயர் போடலாம்? (திருமங்கலம்)

ப: பெரிய ஹால் என்றால்? திருமலை நாயக்கர் மகால் அளவா? ஒயர் போகப்போகும் வழியில், சுவரோரமாகவே நூல் பிடித்து அளந்துவிட்டுக் கேளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர், 30 அடிக்குள் என்றால் 1.5 ஸ்கொயர் எம்.எம். (கம்பியின் குறுக்குப் பரப்பு) போதும். அதைத் தாண்டினாலோ, 4 ஓம் என்றாலோ 2.5 ஸ்கொயர். அதே 4 ஓம், 50 அடி என்றால் 4 ஸ்கொயர். போக வர சேர்த்து ஒயரின் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை), ஸ்பீக்கர் ஓமில் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்.

கே: இடது பக்கம் 8 அடி, வலது பக்கம் 20 அடி. இரண்டையும் சமமாக வெட்ட வேண்டுமா?

ப: வேண்டாம். அந்த 12 அடியைக் கடக்கும் நேரம் எந்தக் காதுக்கும் தெரியாது. மிச்சத்தைச் சுருட்டி டிவிக்குப் பின்னால் போட்டால் தூசிதான் சேரும்.

கே: மீட்டர் 2,000 ரூபாய் கேபிள் போட்டால் ஒலி திறக்குமா?

ப: பர்ஸ் திறக்கும்.

கே: 'சுத்தச் செம்பு' என்று பாதி விலைக்கு 2.5 ஸ்கொயர் ஒயர் கிடைத்தது. முனையை முறுக்கினால் இழை ஒடிந்து கையோடு வருகிறது. நான் முறுக்குவது தவறா? (மேலூர்)

ப: உங்கள் கையில் தவறில்லை. அது செம்பே இல்லை. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு. சில பெட்டிகளில் சி.சி.ஏ. என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், சிலவற்றில் அதுவும் இருக்காது. 'ஆக்சிஜன் ஃப்ரீ' மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

நானும் ஏமாந்தவன்தான். வீடு கட்டும்போது சுவருக்குள் பைப் போட்டு, ஒரு கடைக்காரர் 'காப்பர் சார்' என்று கொடுத்ததை இழுத்து, சுவர்ப் பூச்சும் முடித்தாயிற்று. இரண்டு வருஷத்தில் வலது ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நாலைந்து இழை தவிர மற்றதெல்லாம் ஒடிந்து உதிர்ந்தது. ஒடிந்த இடம் வெள்ளை.

தெற்காவணி மூல வீதியில் அரைப் பவுன் தோடு வாங்கினாலும் உரசிப் பார்க்கச் சொல்கிறோம். ஒயருக்கு மட்டும் வாய்ச்சொல் போதுமா? ஒரே ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். இல்லை, தராசில் போடுங்கள். 10 மீட்டர் 2.5 இரட்டை ஒயரில் செம்பு மட்டும் 450 கிராம் போல இருக்கும், சி.சி.ஏ. என்றால் கம்பி 200-ஐத் தொடாது. ரெசிஸ்டன்ஸும் ஒன்றரை மடங்கு. உங்கள் 2.5 நல்ல 1.5 செம்பு ஒயர் செய்யும் வேலையைச் செய்யும், 8 ஓமுக்கு ஓட்டிக்கொள்ளலாம். முனையை மட்டும் திரும்பத் திரும்ப வளைக்காதீர்கள். அலுமினியம் என்று சொல்லி அலுமினிய விலைக்கு விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

கே: கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் ஒயரையும் இழுக்கலாமா?

ப: கூடாது. 230 வோல்ட் கசிந்தால் போவது ஆம்ப் மட்டும் இல்லை. தனி பைப்.

கே: புது செட். பாடகர் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கிறது, தவில் சத்தம் சோகையாக இருக்கிறது. ஒயர் மெல்லியதா? (உசிலம்பட்டி)

ப: ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஆம்ப்பை அணைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றுங்கள். இரண்டிலும் மாற்றினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

கே: திருவிழாவில் ரேடியோ செட்காரர்கள் மெல்லிய ஒயரிலேயே தெருக்கோடி வரை குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, வீட்டுக்கு மட்டும் ஏன் தடிமன்?

ப: நல்ல கேள்வி. அது 100 வோல்ட் லைன். ஆம்ப்பிலிருந்து வோல்டேஜ் உயர்ந்து போகும், குழாய்ப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் இறக்கிக்கொள்ளும். 100 வாட்டுக்கு ஒயரில் ஓடுவது 1 ஆம்பியர்தான். அதே 100 வாட் 8 ஓம் வீட்டு ஸ்பீக்கருக்குப் போனால் மூன்றரை ஆம்பியர். அதற்குத்தான் தடிமன்.

கே: 6 அடி குறைகிறது. ஒட்டுப் போட்டு டேப் சுற்றலாமா?

ப: அளக்காமல் வாங்கினீர்கள், இல்லையா? சித்திரை வெயிலில் டேப் பசை இளகி நழுவும். பிளஸும் மைனஸும் தொட்டுக்கொண்டால் ஆம்ப்பின் அவுட்புட் போய்விடலாம். முழு நீளமாக வேறு வாங்குங்கள். மாற்றும்போது ஆம்ப்பை அணைத்துவிட்டு.