மைனஸ் ஒன்று, வேலை இரண்டு: ஆபரேட்டர் கேள்வி பதில்

கேள்வி (முதலாம் ஆண்டு மாணவர்): அக்கா, பைத்தான் நிரல்மொழியில் 5--3 என்று கை தவறி அடித்துவிட்டேன். எரர் வரவில்லை, 8 என்று வந்தது. எப்படி?

பதில்: அங்கே இருப்பவை இரண்டு வேறு ஆபரேட்டர்கள், அதாவது கணக்குச் செய்யச் சொல்லும் குறிகள். முதல் மைனஸுக்கு இடப்பக்கம் 5 இருக்கிறது, அதனால் அது இரண்டு மதிப்பு வாங்கும் பைனரி. அடுத்த மைனஸின் இடப்பக்கம் எண் எதுவும் இல்லை, அதனால் அது ஒரே மதிப்பு வாங்கும் யூனரி. எத்தனை மதிப்பு வாங்கும் என்ற கணக்குக்குத்தான் அரிட்டி என்று பெயர். இதையே சீ மொழியில் ஒட்டி எழுதினால் எரர். அங்கே -- என்பதே தனி ஆபரேட்டர்.

கேள்வி (கணக்கு ஆசிரியர்): எக்செல்லில் =-2^2 போட்டால் 4, பைத்தானில் -2**2 போட்டால் -4 (அங்கே அடுக்குக்குறி **). எது சரி?

பதில்: நீங்கள் வகுப்பில் சொல்லித்தருவது -4 தானே சார்? எக்செல்லில் யூனரி மைனஸுக்கு அடுக்கைவிட முன்னுரிமை அதிகம். =0-2^2 என்று போட்டுப் பாருங்கள், -4 வரும். மைனஸ் பைனரி ஆனதும் முன்னுரிமை இறங்கிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டோ -2**2 என்பதையே ஏற்காது, அடைப்புக்குறி கேட்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

கேள்வி: சீயில் 0 < மதிப்பெண் < 35 என்றால் ஃபெயில் என்று எழுதினேன். 80 எடுத்தவரும் ஃபெயில்!

பதில்: நானும் ஒரு மதியம் முழுக்க இதில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். < இரண்டு மதிப்புதான் வாங்கும். முதலில் 0 < 80, விடை 1 (உண்மை என்பதற்குச் சீயில் 1). அப்புறம் 1 < 35, அதுவும் உண்மை. யார் என்ன எடுத்தாலும் 0 அல்லது 1 தான் 35-உடன் மோதும். இரண்டு ஒப்பீடுகளாகப் பிரித்து நடுவில் && (மற்றும்) போடுங்கள். பைத்தானோ நீங்கள் நினைத்தபடியே புரிந்துகொள்ளும்.

கேள்வி: மூன்று மதிப்பு வாங்குவது?

பதில்: சீ, ஜாவாவின் ?: தான். ஒரு நிபந்தனை, அது உண்மையானால் ஒரு மதிப்பு, பொய்யானால் இன்னொன்று. பைத்தானுக்கு அந்த வசதி 2006-இல், 2.5 பதிப்பில் வந்தது. கோ மொழியில் கிடையாது.

கேள்வி: எத்தனை கொடுத்தாலும் வாங்குமா?

பதில்: லிஸ்ப் மொழியில் வாங்கும். (+ 1 2 3) என்றால் 6. ஒன்றுமே கொடுக்காமல் (+) என்றால் 0, (*) என்றால் 1. (- 5) என்றால் -5. வெறும் (-) மட்டும் எரர். அங்கே ஏன் இத்தனை அடைப்புக்குறி என்று கேலி செய்வார்கள். + எங்கே நிறுத்த வேண்டும் என்று வேறு எது சொல்லும்? +, * இரண்டும் எப்போதும் இரண்டு மதிப்புதான் வாங்கும் என்று வைத்துக்கொண்டால், + * 2 3 4 என்று அடைப்புக்குறியே இல்லாமல் எழுதலாம். முதலில் 2 * 3, அதோடு 4, விடை 10.