படைவீரர்களின் குடிப்பழக்கம்: குடும்பத்தினர் கேட்ட கேள்விகள்

ராணுவ மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் செவிலியர் அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார், படைவீரர் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

என் கணவர் ஹவில்தார். விடுப்பில் வந்தால் காலையிலேயே குடிக்கத் தொடங்கிவிடுகிறார். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்கிறார் மாமனார். என்ன செய்வது? (வேலூர்)

அம்மா, எல்லா வீடுகளிலும் இந்தப் பயம்தான் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது. ராணுவச் சட்டம் 1950, பிரிவு 48-இன்படி போதையில் இருப்பதே குற்றம். பணி நேரத்தில் சிக்கினால் 2 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். அந்த நிலை வருவதற்கு முன் அவரே யூனிட் மருத்துவரிடம் போய்ச் சொல்லட்டும். மனநல மருத்துவர் பார்ப்பார், கமாண்டிங் ஆபீசரிடம் அறிக்கை கேட்பார்கள், எந்தப் பணிக்கு உடல், மன அளவில் தகுதி என்று காட்டும் மருத்துவத் தரத்தைத் தற்காலிகமாகக் குறைப்பார்கள். பதவி உயர்வு தள்ளிப்போகலாம். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குடியை விட்டு நலமாக இருந்தால், மறுபரிசோதனையில் தரத்தை மீட்க வழி உண்டு.

இன்னொன்று, மிக அவசரமானது. விடுப்பு முழுவதும் குடித்தவர் திடீரென்று நிறுத்திவிட்டுப் பணிக்குத் திரும்ப ரயில் ஏறக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாட்களில் கைநடுக்கமும் வியர்வையும் முற்றி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியத் தொடங்கும். உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது. பயணத்துக்கு முன்பே மருத்துவமனையில் சேர்த்து, மருந்துகளின் துணையோடு நிறுத்த வேண்டும். தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் தவறாமல் போட வேண்டும். இல்லாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகச் சிதையலாம்.

குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாமா? (தேனி)

வேண்டவே வேண்டாம். நீங்கள் கேட்பது பெரும்பாலும் டைசல்ஃபிராம் மாத்திரையாக இருக்கும். அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். விவரம் தெரிந்து, தானே சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் விழுங்குபவருக்கு மட்டும் உரிய மருந்து அது. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

லடாக்கில் இருக்கும் என் மகன், குளிருக்கு ரம் அவசியம் என்கிறான். உண்மையா? (விருதுநகர்)

இல்லை ஐயா. மது தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பதால் கதகதப்பு தெரிகிறது; உள்ளுடலின் வெப்பமோ அதே வழியாக வெளியேறுகிறது. உறைபனியில் விரல் மரத்துப்போவதும் போதையில் உறைக்காது. உயரமான இடங்களில் மது உறக்கத்தையும் மூச்சையும் கெடுக்கும். பிரிட்டிஷ் கடற்படைகூடத் தலைமுறைகளாகக் கொடுத்துவந்த ரம் பங்கீட்டை 1970 ஜூலை 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நம் முகாம்களிலும் மாலைப் பொழுதுக்கு விளையாட்டு, பேச்சு, வீட்டுக்குத் தொலைபேசி என்று வேறு வழிகள் இருந்தால் பாட்டிலைத் தேடும் கைகள் குறையும் என்பதே என் உறுதியான எண்ணம்.

ஹெராயினுக்கு அடிமையான வீரர் மீளவே முடியாதா? (கோவை)

முடியும். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971-இல் நாடு திரும்புமுன் சிறுநீர்ச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்னர் அவர்களைத் தேடிச் சென்று விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் மிகச் சிலரே ஊரில் மறுபடியும் அடிமையாகியிருந்தார்கள். இடமும் கூட்டாளிகளும் மாறியது பெரிய காரணம். நம் ஓய்வு பெற்ற வீரர்களுக்கு இது தலைகீழாக நடப்பதையும் பார்த்திருக்கிறேன். பட்டாலியனின் ஒழுங்கில் அளவோடு குடித்தவர், ஊரில் வேலையில்லாமல் தனித்திருக்கும்போது அளவு தவறிப்போகிறார்.

அப்பா ஓய்வு பெற்ற சுபேதார். கேன்டீன் சரக்கு மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சிகிச்சைக்கு எங்கே போவது? (திருநெல்வேலி)

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். 2003 முதல் இருக்கிறது. அதன் பாலிகிளினிக்குக்கு அப்பாவோடு நீங்களும் போங்கள், தம்பி; அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். இரவில் பதற்றம் என்றால் 14416, டெலி மானஸ் உதவி எண், தமிழில் பேசலாம். மது ஒதுக்கீடு மாதாமாதம் வாங்கியே தீர வேண்டிய ஒன்று இல்லை. கேன்டீனுக்கு இனி நீங்களும் கூடப் போய், மளிகையை மட்டும் வாங்கி வரலாம் என்று அப்பாவிடம் பேசிப் பாருங்கள். காலையில் அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள், குடித்திருக்கும்போது வேண்டாம்.