பட்டம் இல்லாமல் பல்கலைக்கழகக் கோடை வகுப்பில் சேரலாமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) வசிக்கிறேன். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். வயது 61, படிப்பு பிளஸ் டூ. லாங்வுட் சோலைக்குப் பக்கத்திலேயே இத்தனை காலம் இருந்தும் அதிலுள்ள செடிகொடிகளில் நாலைந்துக்குக்கூடப் பெயர் தெரியாது. 2030இல் குறிஞ்சி பூப்பதற்குள் ஓரளவாவது கற்றுக்கொள்ள ஆசை. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு மாதிரியான பல்கலைக்கழகங்கள் பெரியவர்களுக்கென்று கோடையில் குறுகிய வகுப்புகள் நடத்துவதாகவும், இணையம் வழியாகவும் சேரலாம் என்றும் பெங்களூரில் இருக்கும் மகன் சொல்கிறான். பணம் தானே கட்டுவதாகவும் சொல்கிறான். பட்டம் இல்லாத என்னைச் சேர்ப்பார்களா? அந்தச் செலவு தகுமா? நம் பக்கத்தில், தமிழில் ஏதாவது உண்டா?

பதில்: சேர்ப்பார்கள். அந்தக் கவலையை முதலில் விடுங்கள். பெரியவர்களுக்கான கோடை வகுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பாடம் நடக்கும் மொழி புரிய வேண்டும், அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியலையோ மாற்றுச் சான்றிதழையோ யாரும் கேட்க மாட்டார்கள்.

இது அவர்கள் காட்டும் சலுகையும் அல்ல. இந்த ஏற்பாடே கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்காகத் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற இளைஞர் 1867இல் வட இங்கிலாந்து நகரங்களுக்குப் போய்ப் பெண்களுக்குத் தொடர் சொற்பொழிவு நடத்தினார். அப்போது பெண்களுக்குப் பட்டப்படிப்பே கிடையாது. அடுத்து ரயில்வே தொழிலாளர்களுக்கும், ராச்டேல் ஊரின் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும் பாடம் எடுத்தார். ஆம், 1844இல் கடை திறந்து, உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு முன்மாதிரியான அதே ராச்டேல்தான். அங்கே ஒரு வாரம் பாடத்துக்கு மாட்டிய விளக்கப்படங்களைக் கழற்றாமல் விட்டுவிட்டுப் போனார். மறுவாரம் அவர் வருவதற்குள் சங்கத்து ஆட்கள் படங்களைச் சுற்றி நின்று பார்த்து, கேள்விகளோடு காத்திருந்தார்களாம். சொற்பொழிவோடு சேர்த்துக் கேள்வி நேரத்தையும் ஒரு முறையாக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அங்கேதான். 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இதைத் தன் பணியாகவே ஏற்றுக்கொண்டது. 1888இல் ஆக்ஸ்போர்டு தன் முதல் கோடைக் கூட்டத்தை நடத்தியது. கூட்டுறவுத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிய நீங்கள் இந்த வகுப்பில் சேரத் தயங்குவதில் பொருளே இல்லை.

இனி கவனமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய வகுப்புகளில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் தேர்வு இல்லை, கட்டுரை எழுத வேண்டியதில்லை. கேட்கலாம், பேசலாம், முடிவில் கலந்துகொண்டதற்கு ஒரு தாள் தருவார்கள். மற்றொன்று கிரெடிட் உள்ள வகுப்பு. பின்னால் பட்டப்படிப்பில் சேர்ந்தால் அது கணக்கில் சேரும், ஆனால் கட்டுரை எழுதித் தேற வேண்டும். இங்கே நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பிரிட்டன் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. நம் நாட்டின் தேசியக் கிரெடிட் திட்டத்தில் 30 மணி நேரம். அவர்கள் விளம்பரத்தில் ‘10 கிரெடிட்’ என்று கண்டால் நூறு மணி நேர வேலை என்று படித்துக்கொள்ளுங்கள். வகுப்பு ஒரே வாரத்தில் முடிந்தாலும், முன்னும் பின்னும் படிப்பதும் எழுதுவதுமாக மிச்ச நேரம் போகும். உங்களுக்குப் பதவி உயர்வு வேண்டாம், பட்டமும் நோக்கமல்ல. கிரெடிட் இல்லாத வகுப்பே போதும். கட்டணமும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

இப்போது உங்கள் மகனுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். தாவரங்களைக் கற்பதற்கு அந்தப் பணத்தைச் செலவிடாதீர்கள். பாடத்தின் தரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே காட்டப்படும் மரம் ஓக், பீச். காட்டப்படும் நிலம் அவர்களுடைய புல்வெளி. உங்கள் வீட்டுக்கு மேலே இருப்பது சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் மலைக்காடு. காட்டுப்பூவரசு எப்போது பூக்கிறது, சீகை மரமும் கற்பூர மரமும் வந்தபின் புல்வெளிக்கு என்ன ஆனது, 116 ஹெக்டேர் லாங்வுட் சோலை 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறும் அளவுக்கு அதன் நீர்வளத்தில் என்ன சிறப்பு என்ற கேள்விகளுக்கு அந்த வகுப்பில் விடை கிடைக்காது. இடம் சார்ந்த அறிவை அந்த இடத்தில்தான் கற்க வேண்டும். அறிவியல் வரலாறு, ஓவியம், தத்துவம், கட்டுரை எழுதும் பயிற்சி போன்றவற்றில் ஆர்வம் இருந்தால் வெளிநாட்டுக் கோடை வகுப்பு நல்ல தேர்வு. அவற்றைப் படிக்க அந்த மண்ணில் நிற்க வேண்டியதில்லை.

அப்படி ஒன்றில் சேர்வதாக இருந்தால் மூன்று நடைமுறை விஷயங்கள். முதலாவது நேரம். ஜூலை, ஆகஸ்டில் பிரிட்டன் கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் ஓடும். அங்கே காலை பத்து மணி வகுப்பு நமக்கு மதியம் இரண்டரை. அங்கே மாலை ஆறு என்றால் நமக்கு இரவு பத்தரை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாலை வகுப்புகளுக்கு நள்ளிரவு தாண்டி விழித்திருக்க வேண்டும். அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இரண்டாவது, வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வழக்கமாக மூடியே இருக்கும். வங்கிச் செயலியிலோ கிளையிலோ சொல்லித் திறந்தால்தான் கட்டணம் போகும்; நாணய மாற்றுக்கென்று வங்கி கூடுதலாகப் பிடிப்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மூன்றாவது, நேரலையைத் தவறவிட்டால் பதிவு கிடைக்குமா என்பது. காற்றுக் காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

உள்ளூருக்கு வருவோம். இங்கேதான் உங்களுக்கு உண்மையான வழி இருக்கிறது, அதுவும் கட்டணம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் வயது வரம்பு இல்லை, பாடத்தில் சேர்வது இலவசம். ஐஐடிகள் நடத்தும் என்பிடிஇஎல் பாடங்களும் அதில் உண்டு. நாலு, எட்டு, பன்னிரண்டு வாரங்கள் என மூன்று அளவுகளில் வரும். ஆங்கிலப் பாடம்தான் என்றாலும் பலவற்றுக்குத் தமிழில் எழுத்து வடிவம் இருக்கிறது. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் தேர்வுக் கட்டணம். தேர்வை நேரில் போய் எழுத வேண்டும், உங்களுக்குக் கோவைதான் வசதி. சூழலியல், தாவரவியல் தலைப்புகளைத் தேடிப் பாருங்கள்.

தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் ஜனவரியில் தொடங்கும் பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் கொட்டித் தீர்க்கும் மழை கோத்தகிரிக்கு அவ்வளவாக வராது. உங்கள் மழை அக்டோபர், நவம்பரில். ஜூலையில் தொடங்கும் பருவத்தின் தேர்வுகளில் பல அந்த நாட்களை ஒட்டியே வரும். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்று 2009 நவம்பரைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜனவரிப் பருவத்தின் தேர்வு ஏப்ரல் வாக்கில் வரும். சீசன் நெரிசல் மட்டும்தான் தொல்லை. மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் பற்றிய குழப்பமே வேண்டாம் என்றால் அரசு பஸ்ஸில் போய் வாருங்கள்.

தமிழிலேயே கற்க வேண்டுமானால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தமிழில் சான்றிதழ் படிப்புகள் நடத்துகிறது. தோட்டக்கலை, தேனீ வளர்ப்பு போன்றவை உங்கள் ஆர்வத்துக்குப் பக்கத்தில் வரும். அதன் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஊட்டியிலேயே இருக்கிறது. குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்களின் சங்கமான உபாசி நடத்தும் வேளாண் அறிவியல் மையத்தில் ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிகள் நடக்கும். அறிவிப்பு வரும்வரை காத்திராமல் நேரில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வருவது நல்லது. பழனி மலைப் பக்கம் இருக்கும் வாசகியர் கொடைக்கானலில் 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தையும், கீழே சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தையும் விசாரிக்கலாம். காந்திகிராமத்தில் வாழ்நாள் கற்றலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

‘கோடை வகுப்பு’ என்ற பெயரில் பொன்னாடையும் கௌரவ டாக்டர் பட்டமும் சேர்த்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஊர் பேர் தெரியாத பல்கலைக்கழகம் ஒன்று உங்களைத் தேடி வந்து அழைத்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் போலிப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பார்க்காமலே போனை வைத்துவிட்டாலும் நட்டமில்லை.

ஆகவே என் யோசனை இது. ஜனவரியில் ஸ்வயத்தில் ஒரு எட்டு வாரப் பாடம். அதோடு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் நீங்கள் பார்க்கும் செடிகளைப் படம் எடுத்து ஏற்றுங்கள். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். சாலையோரத்துச் செடிகளில் தொடங்குங்கள். சோலைக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். மகனின் பணத்தை அடுத்த ஜூலைக்கு ஒதுக்கி வையுங்கள். அதற்குள் தாவரங்களை விட்டு வேறு எதன்மீதாவது ஆசை வந்திருந்தால் வெளிநாட்டு வகுப்பில் சேருங்கள். பணம் கட்டும் முன் அந்தத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நான்கு கேள்விகள் கேளுங்கள்: கிரெடிட் இல்லாமல் சேரலாமா, வகுப்பின் பதிவு எத்தனை நாள் கிடைக்கும், முன்கூட்டிப் படிக்க வேண்டிய நூல்களை அவர்களே தருவார்களா, எந்தத் தேதிக்குள் விலகினால் பணம் திரும்பும். கடைசிக் கேள்விக்குத் தேதி போட்டு எழுத்தில் பதில் வந்த பிறகு கட்டணம் கட்டினால் போதும்.