தார்த்துவில் வீடு என்றால், எந்தத் தார்த்து?

வாசகர் கேள்வி: எஸ்டோனியாவின் தார்த்து நகரில் வேலை கிடைத்துக் குடும்பத்துடன் வந்திருக்கிறேன். நகர எல்லையை ஒட்டிய வஹியில் வாடகைக்கு வீடு. 2 வயது மகளை மழலையர் பள்ளியில் சேர்க்க யாரிடம் போக வேண்டும்: நகர நிர்வாகத்திடமா, மாவட்ட அலுவலகத்திலா? நகருக்குள் இருக்கும் நண்பர், தன் முகவரியில் எங்களைப் பதிந்துகொள்ளச் சொல்கிறார். செய்யலாமா?

முதலில் உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து முகவரியைப் பாருங்கள். 'வஹி, தார்த்து வல்ட், தார்த்து மாகொண்ட்' என்ற வரிசையில் இருக்கும். மாகொண்ட் என்றால் மாவட்டம். வல்ட் என்பது பல கிராமங்களைச் சேர்த்த ஊராட்சி. நகருக்கு 'லின்' என்று பெயர். தார்த்து என்ற ஒரே பெயரில் ஒரு லின், ஒரு வல்ட், ஒரு மாகொண்ட் மூன்றும் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். வந்து பல மாதங்கள் ஆனவர்களும் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு முக்கியம் நடுவில் இருக்கும் பெயர். நீங்கள் தார்த்து வல்டைச் சேர்ந்தவர்; தார்த்து நகரத்தைச் சேர்ந்தவர் அல்ல.

மாவட்ட அலுவலகத்தைத் தேட வேண்டாம். மாவட்டம் என்றதும் ஆட்சியரும், அவர் அலுவலகமும், மனு கொடுக்கும் நாளும் நம் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இங்கே அது பொருந்தாது. 15 மாவட்டங்களுக்கும் அரசு நியமித்த ஆளுநர்களும் அலுவலகங்களும் ஒரு காலத்தில் இருந்தன. 2018 ஜனவரி 1 முதல் அவை இல்லை. மாவட்டம் இப்போது வரைபடத்திலும் முகவரியிலும் மக்களின் ஊர்ப்பற்றிலும்தான் வாழ்கிறது.

அதற்குச் சற்று முன், 2017 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலோடு, 213 உள்ளாட்சிகள் 79 ஆகச் சுருங்கின: 15 நகரங்கள், 64 வல்டுகள். குறைந்தது 5,000 பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. ருஹ்னு, கிஹ்னு போன்ற சிறு தீவுகளுக்கு விலக்கு அளித்தார்கள். அப்போது தபிவெரே, லயெவா, பெய்பஸ் ஏரியில் இருக்கும் பீரிசார் தீவு ஆகியவை உங்கள் வல்டோடு சேர்ந்தன. தபிவெரே அதுவரை பக்கத்து யொகெவா மாவட்டத்தில் இருந்தது. இன்னொரு பக்கம், தெஹ்த்வெரே வல்ட் தார்த்து நகரோடு இணைந்தது. அதனால் வயல்களுக்கு நடுவே இருக்கும் இல்மட்சாலுவில் வசிப்பவர் நகர நிர்வாகத்தின் கீழ் வருகிறார். நகரத் தெருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வஹியில் இருக்கும் நீங்கள் வரவில்லை. நகருக்குள் இருப்பவரின் முகவரியில் 'தார்த்து லின், தார்த்து லின்' என்று இரண்டு முறை வரும். அது அச்சுப் பிழை அல்ல: ஒன்று குடியிருப்பின் பெயர், மற்றது உள்ளாட்சியின் பெயர்.

ஆகவே நீங்கள் போக வேண்டிய இடம் வஹிக்கு வடக்கே கொர்வெக்குலாவில் இருக்கும் வல்ட் அலுவலகம். ஒன்றரை வயது முதல் 7 வயது வரையுள்ள குழந்தைக்கு, பெற்றோர் கேட்டால் மழலையர் பள்ளியில் இடம் தருவது உள்ளாட்சியின் சட்டக் கடமை. ஆனால் அந்தக் கடமை, தன் எல்லைக்குள் வசிப்பதாக மக்கள்தொகைப் பதிவேட்டில் இருக்கும் குடும்பத்துக்குத்தான். குடியிருப்பது மட்டும் போதாது, பதிந்திருக்க வேண்டும். அடிப்படைப் பள்ளி, குப்பை அகற்றம், வறுமைக்கால உதவித்தொகை ஆகியவையும் அங்கேதான். வசிப்பு அனுமதிக்குக் காவல் மற்றும் எல்லைக் காவல் வாரியத்திடமும், மருத்துவக் காப்பீட்டுக்கு அரசின் காப்பீட்டு நிதியத்திடமும் போக வேண்டும். அவற்றுக்காக வல்ட் அலுவலகத்தில் காத்திருந்து நாளை வீணாக்காதீர்கள்.

நண்பரின் முகவரியில் பதிவதா? தயவுசெய்து வேண்டாம். உண்மையில் வசிக்கும் இடத்தைத்தான் பதிய வேண்டும் என்பது சட்டம். நீங்கள் செலுத்தும் வருமான வரியில் ஒரு பங்கு, பதிந்திருக்கும் உள்ளாட்சிக்குப் போகிறது. 'எங்களிடம் பதிந்துகொள்ளுங்கள்' என்று டிசம்பரில் உள்ளாட்சிகள் மக்களைக் கேட்டுக்கொள்வது அதனால்தான். தாலின் நகரம் 2013-இல் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியபோதும், அங்கே பதிந்தவர்களுக்கே அந்தச் சலுகையைக் கொடுத்தது. உங்கள் தெருவுக்கும் உங்கள் மகளின் பள்ளிக்கும் செலவிடப்போவது தார்த்து வல்ட். அந்தப் பங்கு அதற்குச் சேருவதுதான் நியாயம்.

வாக்குரிமை பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் பழைய தகவலை நம்பியிருக்கிறார்கள். நீண்டகாலம் வசிக்கும் பிற நாட்டவரும் முன்பு உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 2025 மார்ச்சில் அரசியலமைப்பைத் திருத்தி அதை நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு உரிமை தொடர்கிறது. இந்திய, இலங்கைக் குடியுரிமை வைத்திருப்பவருக்கு இல்லை.

இந்த வாரமே கடவுச்சீட்டு, வசிப்பு அனுமதி அட்டை, வாடகை ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஒப்பந்தம் கையில் இல்லையென்றால் படிவத்தில் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். படிவத்தில் மகளின் பெயரையும் மறக்காமல் சேருங்கள். மழலையர் பள்ளி இடத்துக்குக் குழந்தையின் பதிவையும் பெற்றோரின் பதிவையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.