15 வயதுப் பையன் சைபர்பங்க் 2077 விளையாடலாமா?

கேள்வி: பத்தாவது படிக்கும் மகன் சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேமைக் கேட்கிறான். 18 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. வாங்கித் தரலாமா?

அந்த 18, கேம்களுக்கு வயதுத் தரம் போடும் ஐரோப்பாவின் பெகி அமைப்பு தந்த எண். அதே வேலையைச் செய்யும் அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி 'எம்' தந்திருக்கிறது, அதாவது 17 முடிந்திருக்க வேண்டும். இரண்டுமே சும்மா போட்டதில்லை. ரத்தம், நிர்வாணம், பாலுறவுக் காட்சி, போதை, வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு.

பெற்றோர் முதலில் பதறுவது நிர்வாணத்துக்குத்தான். செட்டிங்ஸில் கேம்ப்ளே பகுதியில் 'நியூடிட்டி சென்சார்' இருக்கிறது. அதை ஆன் செய்தால் பாத்திரங்களுக்கு உள்ளாடை வந்துவிடும். வசனமும் வெட்டுக்குத்தும் அப்படியேதான் இருக்கும். பாஸ்வேர்டு பூட்டும் கிடையாது. நீங்கள் ஆன் செய்ததை அவன் அரை நிமிடத்தில் ஆஃப் செய்துவிடுவான்.

உண்மையில் யோசிக்க வேண்டிய இடம் வேறு. (கதை கொஞ்சம் வெளிப்படும், மன்னிக்கவும்.) ஜூடி என்ற பாத்திரத்தின் கிளைக்கதையில் எவலின் என்ற பெண் தற்கொலை செய்துகொண்டு குளியல் தொட்டியில் கிடக்கிறாள். அவளைத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்துவது விளையாடுபவரின் பாத்திரம்தான். கதையின் முடிவுகளில் ஒன்றில் அந்தப் பாத்திரமே உயிரை மாய்த்துக்கொள்ளலாம். பிறகு நண்பர்கள் அழுதும் திட்டியும் அனுப்பிய வீடியோக்கள் ஓடும். மட்டமாக எடுத்த காட்சிகளாக இருந்தால் மறந்துவிடலாம், இவை அப்படியில்லை. ரிவர் என்ற போலீஸ்காரரின் கதையில் கடத்தப்படுவதோ உங்கள் மகன் வயதுப் பையன்கள். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை, அண்மையில் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு தற்கொலையைப் பார்த்த பிள்ளை என்றால் 17 ஆனாலும் இப்போது வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்கும் ஆகாது, மின்னும் காட்சிகள் நிறைய.

சாதகமும் சொல்ல வேண்டும். இது தனியாள் கேம். முன்பின் தெரியாதவர் ஹெட்செட்டில் பேசும் தொல்லை இல்லை. பல சண்டைகளில் எதிரியைக் கொல்லாமல் மயக்கிப் போடலாம், யாருக்கும் தெரியாமல் பதுங்கியும் போகலாம்.

என் கணக்கு இது: 13, 14க்கு வேண்டாம். 15, 16க்கு முதல் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உறுப்புத் திருடர்களின் வீட்டில், பனிக்கட்டி நிரப்பிய தொட்டியில் உடையின்றிக் கிடக்கும் பெண்ணைக் காப்பாற்றும் காட்சி அதற்குள் வந்துவிடும். அவன் முகத்தைப் பாருங்கள். அதிர்ச்சியடைந்தால் கவலையில்லை, அடுத்து என்ன என்று கேட்டால் பேச இடம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே பிணங்களைச் சுட்டு விளையாடினால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். கணினிக்கு கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆகவே கடிகாரத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்றால் பலர் சறுக்குவது கணக்குத் தொடங்கும்போதே. பிறந்த வருடத்தைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் கன்சோல் அவனைப் பெரியவனாகவே நடத்தும், எந்த வயதுக் கட்டுப்பாடும் வேலை செய்யாது. உண்மையான தேதியில் பிள்ளைக் கணக்காகத் தொடங்கி உங்கள் குடும்பக் கணக்கில் சேருங்கள். விளையாட விடுவது என்று முடிவானாலும் வயது வரம்பை மொத்தமாக 18க்கு உயர்த்தாதீர்கள். அவன் அனுமதிக் கோரிக்கை அனுப்பட்டும், இந்த ஒரு கேமுக்கு மட்டும் சரி சொல்லுங்கள்.