அபிஷேகம் பற்றி நீங்கள் கேட்டவை

அபிஷேகம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, சாமி மேல் அழுக்கா படிகிறது? எதற்குத் தினமும் குளிப்பாட்ட வேண்டும்?

அழுக்கைக் கழுவ யாரும் அபிஷேகம் செய்வதில்லை தம்பி. கும்பாபிஷேகம் ஆன பிறகு, கோயில் வழிபாட்டு விதி நூலான ஆகமத்தின் பார்வையில் அது வெறும் கல் கிடையாது, அங்கே ஒருவர் குடியிருக்கிறார். அவரைக் காலையில் எழுப்பி, நீராட்டி, உடுத்தி, நைவேத்தியம் வைத்து, இரவு பள்ளியறைக்கு அனுப்புகிற வரை எல்லாமே உபசாரம், அதில் ஒன்று இந்தக் குளியல். பெரியாழ்வார் யசோதையாக நின்று கண்ணனைக் கூப்பிடுகிறாரே, உடம்பெல்லாம் வெண்ணெயும் புழுதியுமாக உன்னைத் தூங்கவிட மாட்டேன், எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன், நீராட வா என்று, அந்தப் பாசுரங்களைப் பெருமாள் கோயில்களில் திருமஞ்சனத்தின்போது, அதாவது அபிஷேகத்தின்போது, இன்றும் சேவிக்கிறார்கள். அந்தத் தாய் மனசுதான் இதற்கு அடிப்படை. கூடவே அரச மரியாதையும் இருக்கிறது, அந்தக் காலத்தில் மன்னருக்கு முடிசூட்டும்போது புண்ணிய நதிகளின் நீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றுவார்கள் அல்லவா, அதே மரியாதை சாமிக்கு நித்தமும் நடக்கிறது. பிள்ளையாகவும் ராஜாவாகவும் ஒரே நேரத்தில் பார்ப்பது நம் ஊர் பக்திக்குப் புதிதில்லை.

கேள்வி: எண்ணெய், மஞ்சள், பால், தயிர் என்று ஒரு வரிசையில் செய்கிறார்களே, அதை மாற்றலாமா?

கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும். சிவன் கோயில்களில் பொதுவாக முதலில் நல்லெண்ணெய்க் காப்பு, அந்தப் பிசுக்குப் போக அரிசி மாவு, மஞ்சள் பொடி, திரவியப் பொடி, பிறகு பஞ்சகவ்யம், பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம், கரும்புச் சாறு, இளநீர், விபூதி, சந்தனம், கடைசியில் மந்திரம் ஜபித்து வைத்த கலச நீர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சுத்த ஜலம் விட்டாக வேண்டும். வரிசையைக் கவனித்தால் நம் வீட்டு எண்ணெய்க் குளியல் தெரியும், தேய்த்து, பிசுக்கு எடுத்து, அலசி, கடைசியில் வாசனை. இன்ன பொருளுக்கு இன்ன பலன், பாலுக்கு ஆயுள், தேனுக்கு இனிய குரல் என்று சொல்வதெல்லாம் உண்டு, நான் மறுக்கவில்லை, ஆனால் அதை விலைப்பட்டியல் மாதிரி எழுதி மாட்டி வைப்பது எனக்குப் பிடிக்காது.

கேள்வி: சிதம்பரம் நடராஜருக்கு வருடத்துக்கு ஆறு நாள் மட்டும்தான் அபிஷேகமா? மற்ற நாள் பூஜை இல்லையா அண்ணா?

பூஜை தினமும் ஆறு காலம் தவறாமல் உண்டு. நித்திய அபிஷேகம் மட்டும் ஸ்படிக லிங்கத்துக்கு நடக்கும், கனகசபையில் நின்று பார்க்கலாம். நடராஜருக்கு மார்கழித் திருவாதிரை, மாசிச் சதுர்த்தசி, சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், ஆவணி, புரட்டாசிச் சதுர்த்தசிகள், ஆக ஆறு. மனிதர்களுக்கு ஒரு வருடம் தேவர்களுக்கு ஒரு நாள், அதனால் மார்கழி அவர்களுக்கு விடியற்காலை, புரட்டாசி அர்த்தஜாமம், ஆறு கால பூஜைக்கு ஆறு அபிஷேகம் என்பது கணக்கு. ஆனியிலும் மார்கழியிலும் தேருக்குப் பிறகு ஆயிரங்கால் மண்டபத்தில் விடிவதற்கு முன்பே ஆரம்பிக்கும். முடிந்தால் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள், குடம் குடமாகப் பால் இறங்கும்போது அந்தத் தூக்கிய திருவடி ஒரு கணம் மறைந்து மறுபடி தெரியும், அதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளுக்குத் திருமஞ்சனமே கிடையாது என்கிறார்கள், ஏன்?

பெரிய பெருமாள் என்கிற அந்த மூலவர் சுண்ணாம்புச் சாந்தாலான சுதைத் திருமேனி, தண்ணீர் பட்டால் தாங்காது. அதனால் மூலவருக்குத் தைலக்காப்பு, திருமஞ்சனம் உற்சவருக்கு. ஆனி கேட்டையில் ஜேஷ்டாபிஷேகம் பெரிதாக நடக்கும், யானை மேல் தங்கக் குடத்தில் தீர்த்தம் வரும். இது ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் உரிய விதி இல்லை. காஞ்சி ஏகாம்பரநாதர் அம்பாள் மணலால் பிடித்த லிங்கம், அங்கே அபிஷேகம் லிங்கத்தின் பீடமான ஆவுடையாருக்குத்தான், லிங்கத்துக்குப் புனுகு என்னும் வாசனைப் பொருளைச் சாத்துவார்கள். திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் வருடம் முழுவதும் கவசத்துக்குள் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் திறந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவதோடு சரி. திருமேனி எதனால் ஆனதோ அதற்கு ஏற்றபடிதான் உபசாரம், நம் ஆசைக்கு ஏற்றபடி இல்லை. இதை அடுத்த கேள்விக்கும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அபிஷேகத்தால் சிலை தேய்கிறதா?

தேய்கிறது. பழைய பஞ்சலோக மூர்த்திகளின் முகத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும், நூற்றாண்டுக் கணக்கில் ஊற்றித் துடைத்ததன் தடம் அது. தயிரும் எலுமிச்சைச் சாறும் புளிப்பு, உலோகத்தை அரிக்கும், பளபளப்புக்காகப் புளி போட்டு அழுத்தித் தேய்ப்பது அதைவிட மோசம். கல்லுக்கு அவ்வளவு பயமில்லை என்றாலும், அடியில் பீடத்தோடு பிடித்திருக்கும் அஷ்டபந்தன மருந்து இளகினால் தண்ணீர் உள்ளே இறங்கும். உஜ்ஜயினி மகாகாளேஸ்வரர் லிங்கம் தேய்கிறது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஒரு பக்தருக்கு இவ்வளவு பால், இவ்வளவு தண்ணீர் என்று 2017இல் அளவு வந்தது, 2020இல் பக்தர்கள் லிங்கத்தைத் தேய்க்கவே கூடாது என்று உத்தரவானது. நம் ஊரிலும் சாயம் கலந்த மஞ்சளும் செயற்கைச் சந்தனப் பொடியும் கருவறைக்குள் போவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். உபயதாரர்கள் தயவுசெய்து மலிவான அபிஷேகப் பொருள் செட் வாங்காதீர்கள்.

கேள்வி: குழந்தைகள் பாலில்லாமல் இருக்கும்போது குடம் குடமாக ஊற்றுவது நியாயமா? கோபப்படாமல் சொல்லுங்கள் மாமா.

கோபம் எதற்கு, கேட்க வேண்டிய கேள்விதானே அம்மா. தண்ணீரும் பூவும் போதும் என்பதுதான் நம் மரபே. அப்பர் தன் முதல் பதிகத்தில் மறக்கவில்லை என்று சொல்வது சலமும் பூவும் தூபமும்தான். கண்ணப்பர் வாயில் முகந்து வந்த ஆற்று நீரை உமிழ்ந்து அபிஷேகம் செய்தார், அதை ஏற்றுக்கொண்ட சாமிக்கு லிட்டர் கணக்கு வேண்டாம். ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் மூட்டை மூட்டையாகச் சோறு வடித்து அன்னாபிஷேகம் செய்கிறார்களே, அந்தச் சோறு பிறகு ஊருக்கே பிரசாதமாகப் போகிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். பிரதோஷத்தன்று ஆளுக்கு நான்கு பாக்கெட் வாங்கி வாசலில் குவிப்பதற்கு முன்னால் குருக்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எவ்வளவு தேவை என்று அவரே சொல்வார், மிச்சத்தை மடைப்பள்ளிக்கோ அன்னதானத்துக்கோ கொடுங்கள்.

கேள்வி: அபிஷேகம் நடக்கும்போது பிரகாரம் சுற்றலாமா?

வேண்டாம். நின்று பாருங்கள், சுற்றுவது பிறகு.

கேள்வி: வீட்டில் சின்னப் பித்தளை விக்கிரகம் இருக்கிறது, அடுக்குமாடிக் குடியிருப்பு, எப்படிச் செய்வது?

தாம்பாளத்தில் வைத்து ஒரு சொம்புத் தண்ணீர், வெள்ளிக்கிழமை வேண்டுமானால் ஒரு ஸ்பூன் பால். தெரிந்த நாமத்தைச் சொல்லிக்கொண்டே விடுங்கள், ருத்ரம் என்கிற வேத மந்திரம் தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், இடுக்கில் ஈரம் தங்கினால் பச்சை பிடிக்கும். கீழே வந்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் ஒரு பூந்தொட்டியில் ஊற்றிவிடலாம், பால் கலந்திருந்தால் எறும்பு வரும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள்.