இயேசுவின் இரண்டாம் வருகை சமீபம் என்று நம்பும் நான், மீதியுள்ள இரண்டு ஆண்டுப் படிப்பை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகலாமா?

ஏதோ ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போய்வந்த பிறகுதான் இந்தக் கேள்வி உங்களுக்குள் எழுந்திருக்க வேண்டும். வீட்டில் அம்மா அழுதுகொண்டும் இருப்பார். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

களியக்காவிளைக்குப் பக்கத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. பாட்டாவுக்கு 50 சென்ட் ரப்பர் விளை, அதாவது தோட்டம். 2011 தொடக்கத்தில், பால் வற்றிய பழைய மரங்களை வெட்டி விற்றோம். அந்தப் பணத்தில்தான் மறுநடவும், என் நர்சிங் படிப்புக்கு முதல் தவணையும் என்று திட்டம். அப்பா போய்வந்த வீட்டுக் கூட்டத்தில் ஓர் ஊழியக்காரர், அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரால்ட் கேம்பிங் குறித்த மே 21 என்ற நாளைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலை ஆறு மணிக்கு விசுவாசிகள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்றார். அதன்பின் ஐந்து மாதத்தில் உலகம் முடியும் என்பது கேம்பிங்கின் கணக்கு. எங்கள் ஊழியக்காரர் தம் பங்குக்கு முடிவுக்கு முன் பூமியில் ஏழு வருடத் துன்பம் என்று உபத்திரவ காலத்தையும் சேர்த்தார். "ரப்பர் பால் தர ஏழு வருடம் ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். யாருக்காக நடுகிறீர்கள்?" என்று அப்பாவைக் கேட்டார்.

மரம் விற்ற பணத்தில் பெரும்பகுதியை அப்பா கைப்பிரதி அச்சடிக்கக் கொடுத்துவிட்டார். பஸ் நிலையத்தில் நின்று அவற்றை விநியோகித்தவர்களில் நானும் ஒருத்தி. வயது 18. எனக்குள் இருந்தது முழுக்கப் பயம். அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

மே 21 சனிக்கிழமை. நாங்கள் அந்த வீட்டில் முழங்காலில் நின்றோம். பாட்டா வரவில்லை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் குழி எடுத்தாக வேண்டும் என்று மண்வெட்டியோடு விளைக்குப் போய்விட்டார். ஆறு மணி ஆனது, ஏழு ஆனது, பிள்ளைகள் பசியில் அழுதன. இருட்டில் வீடு திரும்பினால், பாட்டா மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்திருந்தார். குத்தலாக ஒரு வார்த்தை இல்லை. "சாப்பிடு மக்களே, காலையில் ஆராதனைக்குப் போக வேண்டும்" என்றார்.

என் படிப்பு ஓராண்டு தள்ளிப்போனது. கேம்பிங் அடுத்து அக்டோபர் 21 என்றார். அதுவும் கழிந்து, 2012 மார்ச்சில், நாள் குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார். எங்களிடம் பணம் வாங்கியவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, இவள் வருகையை நம்பாதவள் என்று சிலர் எழுத வருவார்கள். ஞாயிறுதோறும் ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் 'உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்' என்று சொல்கிறவள் நான். அதை முழு மனதோடு சொல்கிறேன். பெந்தெகோஸ்தே சபையாரைத் தாக்குவதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், என் கணவர் வீட்டார் அந்தச் சபைதான். நாள் குறிப்பதைத்தான் எதிர்க்கிறேன். 1844 அக்டோபர் 22க்காகக் காத்திருந்த அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் கூட்டத்தில், விளைச்சலை அறுக்காமல் நிலத்திலேயே விட்டவர்கள் உண்டு. முதல் நூற்றாண்டின் தெசலோனிக்கே சபையிலும் சிலர் வேலையை விட்டுத் திரிந்தார்கள். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் அவர்களுக்குக் கண்டிப்பாக எழுதினார்.

வேதாகமத்தில் மத்தேயு 24ஆம் அதிகாரத்தை நீங்களே முழுதாகப் படியுங்கள். அந்த நாளைப் பிதா ஒருவரே அறிவார் என்று 36ஆம் வசனத்தில் சொன்ன ஆண்டவர், 45இல் யாரை உண்மையுள்ள ஊழியக்காரன் என்கிறார்? வீட்டாருக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு கொடுக்கிறவனை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரச்சீனிதான் நினைவுக்கு வரும். நான் இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலி. 'விழித்திருங்கள்' என்ற சொல் இரவுப் பணியில்தான் எனக்கு விளங்கியது. டாக்டர் எப்போது வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டு அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ட்ரிப்ஸ் சரியாக இறங்குகிறதா, காய்ச்சல் தணிந்ததா என்று படுக்கை படுக்கையாகப் போய்க்கொண்டிருப்போம். அவர் வரும்போது வரட்டும்.

பாட்டா கடன் வாங்கி நட்ட கன்றுகள் தொண்ணூறு. 2016இல் அவர் போய்விட்டார். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் இருபதுக்கும் மேற்பட்ட மரங்களைச் சாய்த்தது. அப்போதும் சிலர் இதுதான் முடிவு என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்த்த முடிந்தவற்றைக் கயிறு கட்டி நிமிர்த்தினார். 2018இல் பால் எடுக்க முதல் வெட்டு.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைகளை உடைத்து எம்-சாண்ட் என்னும் செயற்கை மணலும் கல்லும் ஏற்றிக்கொண்டு இராப்பகலாக லாரிகள் எல்லையைக் கடக்கின்றன. வீட்டுச் சுவர் அதிர்கிறது, சாலையில் பிள்ளைகளை நடக்கவிடப் பயமாக இருக்கிறது. பூமி அழியப்போகிறது என்று ஒலிபெருக்கி வைத்து முழங்குகிற எவரும், கண்ணெதிரே அழிகிற இந்த மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மனது கேட்கவில்லை.

ஊழியத்துக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அழைப்பு உண்மையானால் இரண்டு ஆண்டு கழித்தும் இருக்கும். அடுத்த தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று இன்றே விசாரித்துவிடுங்கள்.